படிக்கிற படியும் அளக்கிற படியும்

(‘தேர்வுகள் உண்மையான திறமையை அளக்கின்றனவா, அளக்கவில்லையா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘அளக்கவில்லை’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்குப் பேச எதையும் மிச்சம் வைக்காமல் போன என் அணித் தலைவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து நான் வாயைத் திறப்பதற்கு முன்பே குறிப்பு எடுக்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, “நாளைக்குப் பரீட்சை, உள்ளே போய்ப் படிடா”ன்னு பிள்ளையை விரட்டிவிட்டு நிம்மதியாக இந்தப் பட்டிமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோர்களே! (சிரிப்பு)

தமிழிலே ‘படி’ என்று ஒரு சொல் இருக்கிறது. புத்தகத்தைப் படின்னா வாசிக்கிறது. நெல் அளக்கிறதும் படி. வாசலிலே ஏறுகிறதும் படி. ஓர் ஏட்டைப் பார்த்து அப்படியே இன்னொரு ஏட்டிலே எழுதினால் அதற்குப் பேரும் படிதான். நாம என்ன பண்ணிட்டோம்? படிக்கிற படியைப் படியெடுக்கிற படியாக்கி, அதை அளக்கிற படியிலே கொட்டி அளந்து, ‘பாஸ்’ என்று சொல்லி அடுத்த படியிலே ஏற்றி விட்டுட்டோம். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் பேராசிரியை அம்மா அழகாகப் பேசினார்கள். “தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்க்காமல் வாங்குவீர்களா? மாணவனுக்குத் தேர்வுதான் உரைகல்” என்றார்கள். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன். அம்மா, உரைகல் தங்கத்தைச் சொல்லும். அந்தக் கல்லிலே மல்லிகைப் பூவை உரசினால் என்ன ஆகும்? மாற்றும் தெரியாது, பூவும் போயிடும். நம்ம வகுப்பறையிலே தங்கமும் உட்கார்ந்திருக்கு, பூவும் உட்கார்ந்திருக்கு, நல்ல தேக்கு மரமும் உட்கார்ந்திருக்கு. நம்ம கையிலே இருக்கிறது ஒரே கல்!

அடுத்து வந்த வழக்கறிஞர் நண்பர் என்னைச் சரியாகப் பிடித்தார். “தேர்வு வேண்டாம்னா என்ன வெச்சு இடம் கொடுப்பீங்க? சிபாரிசை வெச்சா? மாமா மச்சான் உறவை வெச்சா?” என்று கேட்டார். நடுவர் அவர்களே, இது நியாயமான கேள்வி. இதற்கு நான் மழுப்பப் போவதில்லை. எங்க அப்பா ஓர் அரிசி மண்டியிலே கணக்கு எழுதினவர். எங்க பரம்பரையிலே கல்லூரி வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான். எனக்குச் சிபாரிசு பண்ண என் மார்க் ஷீட்டைத் தவிர இந்த உலகத்திலே ஆள் கிடையாது. அந்தக் காகிதம் இல்லேன்னா இந்த மேடையிலே நான் நிற்க மாட்டேன். மண்டியிலே மூட்டை எண்ணிக்கிட்டு இருப்பேன். எனவே தேர்வைத் தூக்கிக் கடலிலே போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்குச் சோறு போட்ட கையைக் கடிச்ச மாதிரி.

ஆனால் வழக்கறிஞர் ஐயா, இன்றைய தலைப்பு என்ன? தேர்வு நியாயமானதா என்பதா தலைப்பு? தேர்வு அளக்கிறதா என்பதுதானே! ரேஷன் கடையிலே வரிசை நிற்கிறது. வரிசை நியாயமானதுதான். முன்னாடி வந்தவனுக்கு முதல்லே மண்ணெண்ணெய். யாரும் குறுக்கே புகுந்துவிட முடியாது. ஆனால் வரிசையிலே முதலாவதாக நிற்கிறவர் வீட்டிலேதான் இருட்டு அதிகம் என்று அர்த்தமா? வரிசை ஓர் ஏற்பாடு. அது யாருடைய தேவையையும் அளக்கவில்லை. தேர்வும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு நூறு இடம் என்றால் யாரையாவது முன்னாலே நிறுத்தணும், நிறுத்துகிறோம். அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. முன்னாலே நிற்கிறவன் அறிவாளி, பின்னாலே நிற்கிறவன் மக்கு என்று பேர் வெச்சோமே, அங்கேதான் தப்பு நடந்தது. (கைதட்டல்)

சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். வீட்டிலே பார்த்துக்கிட்டுதான் இருப்பாங்க, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். நான் பெண் பார்க்கப் போனேன். எங்க அம்மா, “பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டும்” என்றார்கள். பாடினார்கள். அடடா, என்ன குரல்! நூற்றுக்கு நூறு போட்டோம். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. இரண்டாவது பாட்டு இன்னும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். “அது ஒண்ணுதான் தெரியும். பொண்ணு பார்க்க வந்தா அதைத்தான் கேப்பாங்கன்னு எங்க அத்தை ஆறு மாசம் சொல்லிக் கொடுத்தாங்க” என்றார்கள். (பலத்த சிரிப்பு) நடுவர் அவர்களே, இதுக்குப் பேர்தான் ‘முக்கிய வினா’! கைடு புத்தகத்திலே ஸ்டார் போட்டிருப்பானே, அது!

சிரிச்சிட்டீங்க. ஆனால் இதற்கு மேலே ஒன்று இருக்கிறது. தற்காலிக விரிவுரையாளன் வேலையிலே நான் வாங்கின அந்தச் சம்பளத்தை, மாசம் முப்பது நாளுக்கும் இழுத்துப் பிடித்து, என் தம்பியைப் படிக்க வைத்து, தங்கைக்குக் கல்யாணமும் முடித்தார்களே, அந்தத் திறமைக்கு நாங்கள் எத்தனை மார்க் போட்டோம்? ஒன்றும் போடவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பாடினவர் மேலே குற்றமில்லை. கேள்வித்தாள் தயாரித்த எங்க அம்மா மேலேயும் என் மேலேயும்தான் குற்றம்!

சரி, வீட்டை விட்டு ஏட்டுக்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூல் எழுதி ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பாயிரத்திலே ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்கு வருவது கால் பங்குதானாம். கூடப் படிக்கிறவர்களோடு பேசி, கேட்டு, விவாதித்துப் பழகும்போது இன்னொரு கால் பங்கு வரும். மீதி இரண்டு கால்? தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். அப்போதுதான் புலமை முழுமை.

இந்தக் கணக்கை நம்ம தேர்வு மண்டபத்துக்குக் கொண்டு போங்கள். ஆசிரியர் சொன்னதை எழுதினால் மார்க் உண்டு. கூடப் படிக்கிறவனோடு பேசினால்? பறக்கும் படை வந்து பிடித்துவிடும்! (சிரிப்பு) அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்? இரண்டு பேரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள்! பவணந்தியார் முக்கால் பங்கு அறிவு என்று எதைச் சொன்னாரோ அதற்குத் தேர்வு மண்டபத்திலே பேர், ‘காப்பி’. தேர்வு மண்டபத்திலே பேசலாம் என்று நான் வாதாடவில்லை, எதிரணியினர் உடனே எழுத வேண்டாம். அந்தக் காகிதத்திலே விழுகிறது கால் பங்குதான் என்கிறேன். கால் பங்கை அளந்துவிட்டு முழு மனிதனுக்கும் எடை போட்டுச் சீட்டுக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

இப்போது உங்களைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போகிறேன். வெற்றிலைக்கு இல்லை. (சிரிப்பு) அங்கே இருக்கிற அரசு கல்லூரிக்கு. காவிரிக்கரையிலே இருக்கிற அந்த ஒரே கல்லூரியின் வாசல் வழியாக இரண்டு பேர் உள்ளே போனார்கள்.

முதல் ஆள் போனது 1880ஆம் ஆண்டு. வயது ஏறத்தாழ இருபத்தைந்து. கையிலே பட்டம் கிடையாது. ஆங்கிலப் படிப்புக் கிடையாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை மடத்திலே இருந்தவர். தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, “என் இடத்துக்கு இவர்தான் தகுதி” என்று இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கறிஞர் நண்பர் இதைச் சிபாரிசு என்பார். சிபாரிசுதான். ஆனால் சும்மா விட்டுவிடவில்லை. கல்லூரியிலே இருந்தவர்கள் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பாட்டு இயற்றச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் வேலை. அவர்தான் உ.வே. சாமிநாதையர்.

வேலை கிடைத்த அதே ஆண்டு அவருக்கு இன்னொரு தேர்வு நடந்தது. அதைத்தான் நான் தேர்வு என்பேன். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். இவர் அவரைப் பார்க்கப் போகிறார். “என்னென்ன படித்திருக்கிறீர்கள்?” என்று கேட்கிறார் முதலியார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று நீளமாகப் பட்டியல் போடுகிறார். இன்றைக்கு இருந்தால் டிஸ்டிங்ஷன்! முதலியார் முகத்திலே சலனமே இல்லை. கடைசியாக, “சீவக சிந்தாமணி படித்ததுண்டா?” என்கிறார். இவர் படித்ததில்லை. சிலப்பதிகாரம், மணிமேகலையையும் முறையாகப் பார்த்ததில்லை.

நடுவர் அவர்களே, நம்ம தேர்வு முறையிலே இந்த இடத்திலே என்ன நடந்திருக்கும்? ‘தெரியாது’ என்றால் பூஜ்யம். அடுத்த ஆளைக் கூப்பிடு. கதை முடிஞ்சுது. ஆனால் அங்கே கேள்வி கேட்டவர் சிந்தாமணி ஏட்டின் பிரதியை எடுத்துக் கையிலே கொடுத்தார். கேட்கப்பட்டவர் அதை வாங்கிக்கொண்டு போய், புரியாமல் தவித்து, ஊர் ஊராக ஏடு தேடி, சமண அன்பர்கள் வீட்டுக்கு நடந்து நடந்து பொருள் கேட்டார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சிலே வந்தது. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை. நான் தமிழிலே டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன் என்றால், அந்த முனிசீப் கேட்ட கேள்விக்கு அந்த மனிதர் தெரியாது என்று நின்றாரே, அந்தத் தெரியாமைக்குக் கிடைத்த பட்டம் அது. (நீண்ட கைதட்டல்)

தெரிந்ததை எழுதச் சொல்கிறது தேர்வு. தெரியாத இடத்திலே போய் நிற்கும்போது ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பதிலேதான் திறமை இருக்கிறது. அதைக் கேட்க எந்தக் கேள்வித்தாளிலும் இடம் விடவில்லையே!

இரண்டாவது ஆள், அதே வாசல். 1904. சாமிநாதையர் முந்தின ஆண்டுதான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். உள்ளூர் டவுன் ஹைஸ்கூலிலே பரிசு வாங்கி, உதவித்தொகையோடு வந்து சேர்ந்த பையன். கணக்கிலே புலி. மற்றப் பாடத்திலே மனசு போகவில்லை. தேறவில்லை. உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினான். 1906இல் தோல்வி. 1907இல் மறுபடியும் தோல்வி. 1912இல் சென்னைத் துறைமுகத்திலே மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தா.

பேர் சொல்ல வேண்டியதில்லை. எதிரணியிலே சிரிக்கிறார்கள். “எங்கே சுத்தினாலும் கடைசியிலே ராமானுஜன்கிட்டதானே வருவீங்க”ன்னு. வருவேன் ஐயா! 1913 ஜனவரியிலே அவர் கேம்பிரிட்ஜிலே இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். ஹார்டி மார்க் ஷீட் கேட்டாரா? கடிதத்திலே இருந்த சூத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். இதை ஒருவன் இட்டுக்கட்டக்கூட முடியாது, உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். விஷயம் தெரிந்தவன் விஷயத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் எதுவும் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

இன்னொரு செய்தி. அந்த ஹார்டியே தேர்விலே அடிபட்டவர்தான். 1898இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்விலே நாலாவது இடம். அந்தத் தேர்வு முறையை மாற்றியே தீரவேண்டும் என்று பேசியும் எழுதியும் வந்தவர் அவர். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படி பேர் வாசிக்கிற வழக்கத்தைக் கேம்பிரிட்ஜ் 1909ஓடு நிறுத்திவிட்டது. நம்ம தமிழ்நாட்டிலே பிளஸ் டூவுக்கு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினது எப்போது? 2017! அவனிடமிருந்து தேர்வை வாங்கினோம். அவன் அதைத் திருத்தினதை வாங்க நமக்கு நூறு வருஷத்துக்கு மேலே ஆச்சு. வாங்கின கதையும் வேடிக்கைதான். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகம்தான் மாதிரி. பாடம் சொல்லித் தருவதற்காக அல்ல, தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பதற்காகத்தான் அது பிறந்தது. பிறவிக் குணம் ஐயா, லேசிலே போகுமா?

“ராமானுஜன் விதிவிலக்கு” என்று அடுத்து பேச வருகிறவர் சொல்வார். நானும் ஒப்புக்கொள்கிறேன். விதிவிலக்குதான். எதிலே தெரியுமா? கடிதம் போட்டதிலே! எஃப்.ஏ. தேறாமல் வீட்டுக்குப் போன மற்றப் பிள்ளைகள் யாருக்கும் கடிதம் போடவில்லை. அதனாலே அவர்களை நாம் தவறவிட்டோமா இல்லையா என்று நமக்குத் தெரியவே தெரியாது. (கைதட்டல்)

நடுவர் ஒரு மணி அடித்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா. ஒன்று சொல்ல வேண்டும். இதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடைத்தாள் திருத்துகிறவன் நான். காலையிலே முப்பது தாள், மதியம் முப்பது தாள். பிள்ளை மூன்று மணி நேரம் எழுதினதற்கு என்னிடம் இருக்கிற நேரம் ஆறு நிமிஷம். பக்கத்திலே விடைக்குறிப்பு இருக்கும். அதிலே இருக்கிற குறிப்பு தாளிலே இருந்தால் டிக். இல்லேன்னா இல்லை. ஒரு வருஷம் சிலப்பதிகாரத்திலே ஒரு பத்து மார்க் கேள்வி. ‘கண்ணகி வழக்குரைத்த திறத்தை ஆராய்க.’ விடைக்குறிப்பிலே ஐந்து செய்தி. வாயிற்காவலன், மன்னன் கேட்டது, கண்ணகி தன்னை யாரென்று சொன்னது, முத்தா மாணிக்கமா என்பது, மன்னன் உயிர் விட்டது.

ஒரு தாளிலே அந்தப் பிள்ளை எழுதியிருந்தது வேறு. கண்ணகியின் திறத்தை ஆராய்வதற்கு முன்னால், அவள் வழக்காட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று ஆராய வேண்டும் என்று தொடங்கியிருந்தது. மன்னன் கோவலனை ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். கோவலன் உயிரோடு இருந்தபோதே அதை உடைத்திருக்கலாம். பாண்டியன் செய்த பிழை தவறான தீர்ப்புச் சொன்னது அல்ல, கேட்காமலே தீர்ப்புச் சொன்னது. இப்படி ஒன்றரைப் பக்கம்.

படித்தேன். விடைக்குறிப்பைப் பார்த்தேன். ஐந்திலே ஒன்றரைச் செய்திதான் இருக்கிறது. பத்துக்கு மூன்று போட்டேன். அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

அன்று இரவு பேருந்திலே ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஊருக்குத் திரும்புகிறேன். எத்தனையோ வருஷமாகச் சிலம்பு பாடம் நடத்துகிறவன். எனக்குத் தோன்றாத ஒன்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையிலே முதல் ஆளாகத் திருத்தும் முகாமுக்குப் போய் நின்றேன். “நேத்து மதியக் கட்டு ஒண்ணு மறுபடி பாக்கணும்” என்றேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். “சார், மார்க் ஷீட் நேத்து சாயந்திரமே சீல் வெச்சுப் போயாச்சு. எந்தத் தாளுன்னு உங்களுக்குத்தான் எப்படித் தெரியும்? நம்பர் மறைச்சுத்தானே கொடுக்கிறோம்?” என்றார். தேர்வு நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக எண்ணை மறைக்கிறார்கள். சரியான ஏற்பாடுதான். அதனாலேதான் அந்தப் பிள்ளை பையனா, பெண்ணா, எந்த ஊர் என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மூன்று மார்க்காலே அது தேறியதா, தவறியதா, அதற்குப் பிறகு தமிழ்ப் புத்தகத்தை எடுத்ததா, மூடி வைத்ததா, அதுவும் தெரியாது.

ஒவ்வொரு வருஷமும் வகுப்பிலே வழக்குரை காதை நடத்தும்போது அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். மாணவர்கள், “சார், இது யார் சொன்னது?” என்று கேட்பார்கள். வலது பக்கம் லேசாகச் சாய்ந்த, நீல மையிலே எழுதின கையெழுத்து. அது மட்டும் கண்ணிலே நிற்கிறது.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.